டிஜிட்டல் ஸ்டெதஸ்கோப் வாங்கும் முன்: தொலைவிலிருந்து நெஞ்சைக் கேட்க நான்கு வழிகள்

"எந்த டிஜிட்டல் ஸ்டெதஸ்கோப் வாங்கலாம்?" இந்தக் கேள்வி என்னிடம் மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. சிறிய கிளினிக்கில் ஒரு நர்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, தூரத்தில் இருக்கும் மருத்துவரை வீடியோவில் வரவழைக்கிறவர்கள் கேட்கிறார்கள். வீடியோவில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் மருத்துவர்கள் கேட்கிறார்கள். வயதான அப்பா அம்மாவை விட்டுத் தள்ளி வாழும் பிள்ளைகள் கேட்கிறார்கள். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மறுமுனையில் அதை யார் பிடிக்கப் போகிறார்கள்?

1816-ல் ரெனே லேனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்ட நாளிலிருந்து கருவி எத்தனையோ மாறிவிட்டது. மரக்குழாய் போனது, இரண்டு காதுக்குமான ரப்பர் குழாய் வந்தது, இப்போது குழாயே இல்லாத கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் இத்தனை காலமும் வைக்கிற கையும் கேட்கிற காதும் ஒரே ஆளுடையவை. ஒலி சரியாக வரவில்லை என்றால் கை தானாகவே அரை அங்குலம் நகரும், கொஞ்சம் அழுத்தும். தொலைமருத்துவத்தில் கை ஒருவருடையது, காது இன்னொருவருடையது, நடுவில் இணையம். பிராண்டு, செயலி, விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், எந்த ஒலி வேண்டும்? இதயத்தின் முதல், இரண்டாம் ஒலிகளின் ('லப்-டப்') பெரும்பகுதி 150 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 150 அதிர்வு) கீழே இருக்கிறது. இதயம் பலவீனமானவர்களிடம் கேட்கும் மூன்றாம் ஒலி இன்னும் கீழே, காதுக்கு எட்டுவதே கஷ்டம். ஆஸ்துமாவின் வீசிங் அதைவிட மேலே, பல நூறு ஹெர்ட்ஸில் விசிலடிக்கும். ஆகவே "வீசிங் இருக்கிறதா" என்று பார்க்கப் போதுமான ஏற்பாடு, "வால்வில் மர்மர் (லப்-டப்புக்கு நடுவே கேட்கும் கூடுதல் இரைச்சல்) இருக்கிறதா" என்று பார்க்கப் போதாமல் போகலாம்.

இரண்டாவது, யார் கை: பயிற்சி பெற்ற நர்ஸா, குடும்பத்தில் ஒருவரா, நோயாளியேவா? மூன்றாவது, ஒலி எந்த வழியாகப் போகிறது? நான்காவது, மருத்துவரும் நோயாளியும் ஒரே நேரத்தில் உட்கார முடியுமா? கடைசியாக, வாங்கிய பிறகு மாதாமாதம் என்னென்ன செலவு தொடரும்?

இவற்றில் மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கருவியைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்கு உண்மையான தொல்லை அங்கேதான் இருக்கிறது.

## ஒலி போகிற வழி

சாதாரண தொலைபேசி இணைப்பு மனிதப் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். இதய ஒலியின் அடித்தளமே அந்த வாசலுக்குள் நுழையாது. இணையவழி வீடியோ அழைப்பு பரவாயில்லை என்று நினைப்போம். அதில் வேறு சிக்கல். அந்தச் செயலிகள் பேச்சு அல்லாத ஒலியைத் தேடிப் பிடித்து அழிக்கும் வேலையைச் செவ்வனே செய்கின்றன. மின்விசிறிச் சத்தத்தை அழிக்கிற அதே வடிகட்டி, தொடர்ந்து ஒரே மாதிரி வரும் மூச்சொலியையும் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். மூச்சு தொடங்கும்போது கொஞ்சம் கேட்டு, அப்படியே தேய்ந்து மறைந்தால், சந்தேகப்பட வேண்டியது நுரையீரலை அல்ல, செயலியின் அமைப்புகளை. இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு அசல் ஒலியை அப்படியே அனுப்பும் வசதி சில செயலிகளில் உண்டு, ஸூமில் இருக்கிறது. தேடி இயக்க வேண்டும்.

அதைவிட ஆபத்தானது, ஒலியளவைத் தானே சமன் செய்யும் வசதி. ஒருமுறை நிமோனியாவிலிருந்து தேறிவந்த ஒருவரை வீடியோவில் கேட்டேன். முதுகின் கீழ்ப்பகுதியில் வலப்பக்கம், இடப்பக்கம், திரும்ப வலப்பக்கம் என்று நர்ஸ் பொறுமையாக மாற்றி மாற்றி வைத்தார். இரண்டும் ஒரே அளவில் கேட்டன. இரண்டு நாள் கழித்து அவரை நேரில் பார்த்தபோது இடப்பக்க அடியில் மூச்சொலி பாதிகூட இல்லை, அங்கே நீர் கோத்திருந்தது. மெல்லிய பக்கத்தைச் செயலி உயர்த்தி, பலமான பக்கத்தோடு சமமாக்கிவிட்டிருந்தது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நுரையீரல் பரிசோதனையின் உயிர். அந்த வசதி அணைக்கப்படாமல் செய்யும் ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. அன்றிலிருந்து அழைப்பு தொடங்கியதும் அதைத்தான் முதலில் சரிபார்க்கிறேன்.

இணையம் விட்டுவிட்டு வந்தால் துண்டு துண்டாக விழும் ஒலி 'சடக் சடக்' என்று கேட்கும். நுரையீரலில் நீர் சேர்ந்தவர்களிடம் கேட்கும் கிராக்கிள்ஸ் என்ற பொரிப்பொலியும் சில மில்லிவினாடிகளே நீளும் சின்னச் சின்ன வெடிப்புகள்தான். இரண்டையும் காது எளிதில் குழப்பிக்கொள்ளும். ஒரு வழி உண்டு: உண்மையான கிராக்கிள்ஸ் மூச்சோடு சேர்ந்து வரும், ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய அதே கட்டத்தில் வரும். இணையக் கோளாறுக்கு மூச்சின் கணக்கு தெரியாது.

அப்புறம் மருத்துவர் பக்கத்து முனை. மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியைக் கொடுக்க முடியாது. நல்ல ஸ்டெதஸ்கோப் வாங்கி, நல்ல இணையம் போட்டு, கடைசியில் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "இதய ஒலி சரியாக இல்லை" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காதை முழுதாக மூடும் வயர் ஹெட்ஃபோன் கட்டாயம். வாங்குகிற பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி வழிகள்.

## வழி 1: நேரலை, பக்கத்தில் பயிற்சி பெற்ற கை

நர்ஸோ சுகாதாரப் பணியாளரோ நோயாளியின் அருகில் இருந்து வைக்க, மருத்துவர் அதே நொடியில் கேட்கிறார். நேரில் பார்ப்பதற்கு மிக அருகில் வருவது இதுதான். "கொஞ்சம் இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள்", "முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டுப் பிடிக்கட்டும்" என்று சொல்ல முடிகிறது. இதய வால்வுகளில் ஒன்றான மைட்ரல் வால்வுச் சுருக்கத்தின் ஒலி இடப்பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தெளியும். இன்னொரு வால்வான அயோர்ட்டிக்கின் கசிவு முன்னால் சாய்ந்து மூச்சை விட்டால்தான் தெளியும். இப்படி நோயாளியைத் திருப்பித் திருப்பிக் கேட்கும் வசதி மற்ற மூன்று வழிகளில் இல்லை.

ஆனால் படமும் ஒலியும் வெவ்வேறு செயலியில் வந்தால், திரையில் நெஞ்சு ஏறுவதும் காதில் மூச்சு கேட்பதும் ஒத்துப்போகாது. மூச்சை இழுக்கும்போது வரும் ஒலிக்கும் விடும்போது வரும் ஒலிக்கும் பொருள் வேறு. இழுக்கும்போது கரகரத்தால் தொண்டைப் பக்கம் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்போம், விடும்போது விசிலடித்தால் ஆஸ்துமா பக்கம் யோசிப்போம். அதனால் நான் திரையை நம்புவதில்லை. நர்ஸை மெல்லிய குரலில் "இழு... விடு..." என்று சொல்லச் சொல்கிறேன். அவர் குரலும் ஸ்டெதஸ்கோப் ஒலியும் ஒரே பதிவில் சேர்ந்து வந்தால் குழப்பம் தீர்ந்தது.

இன்னொன்று, மௌனம். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம்: இணைப்பு அறுந்திருக்கலாம், கருவி தோலில் சரியாகப் படாமல் இருக்கலாம், அல்லது நுரையீரலில் காற்றே ஓடாமல் இருக்கலாம். கடுமையான ஆஸ்துமாவில் வீசிங் அடங்கி நெஞ்சு மௌனமாவது உயிருக்கே ஆபத்தான நிலை. எப்படிப் பிரித்தறிவது? முதலில் கருவியின் முகப்பில் விரலால் இரண்டு தட்டு. 'டொக் டொக்' வந்தால் இணைப்பு சரி. பிறகு தொண்டைக்குழிக்கு மேல், மூச்சுக்குழாய் மீது வைக்கச் சொல்லுங்கள். அங்கே மூச்சு பலமாகக் கேட்டால் கையும் சரி. திரும்பப் பழைய இடத்தில் வைத்தும் மௌனம் என்றால் அந்த மௌனத்தை நம்ப வேண்டும், நோயாளியை உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மறைந்த செலவு என்று பார்த்தால் பயிற்சிதான் பெரியது. இதயத்துக்கு நான்கு இடங்கள், நுரையீரலுக்கு முன், பின், பக்கவாட்டு என்று வரிசை தவறாமல் வைக்க ஒருவரைப் பழக்குவது ஒரு மதிய நேர வகுப்பில் முடிவதில்லை. பழகியவர் வேலையை விட்டுப் போனால் மறுபடியும் முதலிலிருந்து. அமைதியான அறையும் வேண்டும். பெருக்கும் திறன் கொண்ட கருவி வராண்டாவில் அழும் குழந்தையையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

மருத்துவர் எப்போதாவது வரும் கிளினிக், முதியோர் இல்லம், தொற்றுநோய் வார்டு ஆகிய இடங்களில் நான் தயங்காமல் சொல்வது இந்த வழியைத்தான்.

## வழி 2: பதிவு செய்து அனுப்புவது

ஒவ்வோர் இடத்திலும் 15 வினாடி பதிவு செய்து, நோயாளியின் விவரத்தோடு அனுப்பினால் மருத்துவர் நேரம் கிடைக்கும்போது கேட்கிறார். இணையம் நிலையில்லாத இடங்களுக்கு இது வரம். கணக்கைப் பாருங்கள்: வினாடிக்கு 4000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் என்று பதிந்தால், சுருக்காத 15 வினாடிக் கோப்பு சுமார் 120 கிலோபைட்தான். எட்டு இடங்களில் பதிந்தாலும் எல்லாம் சேர்த்து ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். இணையம் இருக்கிற நேரத்தில் முழுதாகப் போய்ச் சேரும், நடுவில் வெட்டு விழாது.

இன்னொரு பெரிய லாபம், திரும்பக் கேட்கலாம். சந்தேகமான மர்மரை இதய நிபுணருக்கு அனுப்பலாம். அடுத்த முறை நோயாளி வரும்போது பழைய பதிவோடு ஒப்பிடலாம். ஒலி அலையைத் திரையில் படமாகப் பார்க்கவும் முடியும்.

குறை? கேள்வி கேட்க முடியாது. "அந்த இடத்தில் இன்னும் ஒரு தடவை" என்று சொல்ல நோயாளி அங்கே இருக்க மாட்டார். நெஞ்சு முடியில் உரசும் ஒலி கிராக்கிள்ஸ் போலவே இருக்கும், ஈரப்படுத்திவிட்டு வையுங்கள் என்று அப்போதே சொல்ல வழியில்லை. தவறான இடத்தின் பெயரில் பதிவான கோப்பு இன்னும் மோசம், அது பார்ப்பதற்குச் சரியாகவே தெரியும். ஆகவே பதிகிறவர் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இடத்தின் பெயரைக் குரலில் சொல்லட்டும்.

செய்தியனுப்பும் செயலியில் குரல் பதிவாக அனுப்பாதீர்கள், அது ஒலியைப் பேச்சுக்கு ஏற்றபடி சுருக்கிவிடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள். நோயாளியின் ஒப்புதல், பதிவை எங்கே வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது, யார் திறக்கலாம் என்பதையெல்லாம் முதல் பதிவுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். சேமிப்பகச் சந்தா இந்த வழியின் மறைந்த செலவு. சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகள் என்னாகும் என்று வாங்கும்போதே கேளுங்கள்.

அவசரமில்லாத கேள்விகளுக்கு, குறிப்பாக "இந்த மர்மரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்" என்ற இரண்டாம் கருத்துக்கு, நேரலையைவிட இதுவே மேல். மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு இது பொருந்தாது.

## வழி 3: வீட்டில் நோயாளியோ குடும்பத்தினரோ

பிள்ளைகள் அதிகம் கேட்பது இதைத்தான். எங்கே வைப்பது என்று படம் காட்டி வழிநடத்தும் வீட்டுக் கருவிகள் இருக்கின்றன, டைட்டோகேர் அந்த வகை. அடிக்கடி வீசிங் வரும் குழந்தை உள்ள வீட்டில் இது நன்றாகவே உதவும். குழந்தை அம்மாவின் மடியில், பழகிய இடத்தில் இருக்கிறது, அழாது. அழாத குழந்தையின் நெஞ்சைக் கேட்பது எத்தனை பெரிய விஷயம் என்பது குழந்தை மருத்துவர்களுக்குத் தெரியும்.

ஆனால் தனியாக வாழும் ஒரு முதியவருக்கு இதை வாங்கி அனுப்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கையை முதுகுப்பக்கம் கொண்டுபோய், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, கடைசி விலா எலும்புகள் வரை தொட்டுப் பாருங்கள். எட்டுகிறதா? அங்கே ஒரு கருவியைச் சமமாக அழுத்திப் பத்து மூச்சுவரை அசையாமல் பிடிக்க முடிகிறதா? இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேரத் தொடங்கும்போது கிராக்கிள்ஸ் முதலில் கேட்பது பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதியில்தான். உங்களுக்கே எட்டாத இடம் 75 வயதுக்காரருக்கு எப்படி எட்டும்? உடன் ஒருவர் இருந்தால் மட்டுமே இந்தக் கருவி அவருக்குப் பயன்படும்.

சார்ஜ் தீர்ந்து கிடப்பது, ப்ளூடூத் இணையாமல் போவது, செயலி புதுப்பிக்கப்பட்டு பழைய கைப்பேசியில் வேலை செய்யாமல் போவது, கடவுச்சொல் மறந்து போவது என்று தொல்லைகள் வரிசையாக வரும். இவற்றையெல்லாம் சரிசெய்ய வீட்டில் ஒருவர் வேண்டும், அவருடைய நேரமும் செலவுதான். சட்டையின் மேல் வைத்துக் கேட்கும் பழக்கமும் வீட்டில்தான் அதிகம். துணி உரசும் ஒலி எல்லாவற்றையும் கெடுத்துவிடும், வெறும் தோலில்தான் வைக்க வேண்டும். கேமரா முன் ஆடை விலக்குவது பலருக்குக் கூச்சமாக இருக்கும். கேமராவை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் அனுப்பலாம் என்று மருத்துவரே முதலில் சொல்லிவிடுவது மரியாதை.

## வழி 4: ஸ்டெதஸ்கோப்பே இல்லாமல்

இதை யாரும் ஒரு வழியாக எண்ணுவதில்லை. ஆனால் பல சமயம் இது போதும். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ரத்த அழுத்தமானி, எடைக்கருவி, நல்ல வெளிச்சத்தில் ஒரு வீடியோ. குழந்தைக்கு இருமலும் காய்ச்சலும் என்றால் மூச்சின் எண்ணிக்கையே நிறையச் சொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 12 மாதத்துக்குள் 50-ம் மேலும், 1 முதல் 5 வயதுக்குள் 40-ம் மேலும் இருந்தால் வேகமான மூச்சு. இதற்குக் கடிகாரம் போதும். நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவதை வீடியோவே காட்டும்.

இதயப் பலவீனம் உள்ளவருக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். வீட்டில் தவறாக வைத்த ஸ்டெதஸ்கோப்பைவிடத் தினமும் காலையில் ஏறி நிற்கும் எடைக்கருவியை நான் அதிகம் நம்புவேன். ஆக்சிமீட்டரில் மட்டும் ஒரு கவனம்: விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தவறாகக் காட்டும், கருமையான தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும்.

புதிய மர்மரையோ, ஒருபக்கம் மட்டும் குறைந்த மூச்சொலியையோ இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது. அப்படிச் சந்தேகம் வந்தால் நோயாளியை நேரில் பார்த்தாக வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நேரலை + பயிற்சி பெற்ற கை | பதிவு செய்து அனுப்புதல் | வீட்டுக் கருவி | ஸ்டெதஸ்கோப் இல்லாமல் |
|---|---|---|---|---|
| இதய ஒலி, மர்மர் | நன்று, ஒலி போகிற வழி சரியாக இருந்தால் | நன்று, திரும்பக் கேட்கலாம் | பிடிக்கிற கையைப் பொறுத்தது | இல்லை |
| வீசிங் | நன்று | நன்று | பெரும்பாலும் போதும் | கடுமையாக இருந்தால் மட்டும் தெரியும் |
| முதுகின் அடிப்பகுதி | எட்டும் | எட்டும் | தனியாக இருந்தால் எட்டாது | பொருந்தாது |
| இணையம் | நிலையாக வேண்டும் | அவ்வப்போது இருந்தால் போதும் | நிலையாக இருந்தால் நல்லது | குறைவே போதும் |
| அவசர நிலை | ஓரளவு | கூடாது | கூடாது | நேரில் அனுப்பலாமா என்று முடிவெடுக்க மட்டும் |
| மறைந்த செலவு | பயிற்சி, அமைதியான அறை | சேமிப்பகம், ஒப்புதல் நடைமுறை | வீட்டில் ஒருவரின் நேரம் | நேரில் போகும் செலவு |

நெஞ்சுவலி, உதடு நீலமாவது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சிரைப்பு இவற்றுக்கு நான்கு வழியும் வேண்டாம், அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஸ்டெதஸ்கோப்பை இணைக்க முயன்று ஐந்து நிமிடத்தை இழக்காதீர்கள்.

## கருவி பற்றிக் கடைசியாகச் சில வார்த்தை

உள்ளே மைக் வைத்த கருவிகள் பழைய ஸ்டெதஸ்கோப்புக்கு நெருக்கமான ஒலியைத் தரும், சுற்றுச்சத்தத்தையும் பிடிக்கும். தோலின் அதிர்வை நேரடியாக உணரும் பீசோ வகை சத்தமான இடத்துக்கு நல்லது, ஆனால் அதன் ஒலிக்குக் காது பழகச் சில நாள் ஆகும். ப்ளூடூத்தின் கைப்பேசி அழைப்பு முறையில் ஒலி பேச்சுத் தரத்துக்குச் சுருங்கிவிடும் என்பதால், முடிந்தவரை வயரில் இணைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

எக்கோ டுவோ போல ஒலியோடு ஒற்றை இணைப்பு இசிஜியும் (இதயத்தின் மின்துடிப்பைக் காட்டும் வரைகோடு) சேர்த்துத் தரும் கருவிகள் உண்டு. விளம்பரம் இசிஜியைத் தனி வசதியாகச் சொல்லும். எனக்கு அதன் அருமை வேறு இடத்தில் தெரிகிறது. நேரில் கேட்கும்போது கழுத்து நாடியில் விரல் வைத்து, மர்மர் இதயம் சுருங்கும்போது வருகிறதா விரியும்போதா என்று கணிப்போம். தொலைவில் அந்த விரல் இல்லை. திரையில் ஓடும் இசிஜி அந்த விரலின் வேலையைச் செய்கிறது. வால்வு நோயாளிகள் அதிகம் வருகிற இடம் என்றால் இதற்குக் கூடுதலாகக் கொடுப்பது தகும். வீசிங்குக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

மர்மரைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள்களும் சில கருவிகளோடு வருகின்றன. தவறான இடத்தில் வைத்த ஒலியை எந்த மென்பொருளும் திருத்தித் தராது.

வாங்குவது என்று முடிவு செய்தால், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் உள்ள இடத்தில் வாங்குங்கள். முதல் வாரத்திலேயே ஒரு சோதனை: உண்மையில் பிடிக்கப் போகிறவரே பிடிக்கட்டும், உண்மையில் கேட்கப் போகிறவர் அடுத்த அறையில் அல்ல, அவருடைய வழக்கமான இடத்திலிருந்து, வழக்கமான இணையத்தில் கேட்கட்டும். பத்துப் பேரின் நெஞ்சைக் கேட்டு எழுதி வையுங்கள். அதே பத்துப் பேரை அன்றே இன்னொரு மருத்துவர் சாதாரண ஸ்டெதஸ்கோப்பில் நேரில் கேட்டுத் தனியாக எழுதட்டும். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வேறுபடுகிறது என்று வட்டமிடுங்கள். வட்டங்கள் ஒரே உடலிடத்தில் குவிந்தால் கையைப் பழக்க வேண்டும். தாழ்ந்த ஒலிகளில் மட்டும் குவிந்தால் ஹெட்ஃபோனையும் செயலியின் அமைப்புகளையும் பாருங்கள். எல்லா இடத்திலும் சிதறிக் கிடந்தால் அவகாசம் முடிவதற்குள் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.